வடக்குப் பக்கத்துப் பச்சைக் கிளை

ஹராகுச்சி கிமியே பொய் பேசுகிறவள் இல்லை. முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். மீன் நேற்றையது என்றால் நேற்றையது என்று மேலாளரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பொய்தான். பையன் ஒசாகாவில் இருக்கிறான் என்பது அது. பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய்க்கு ஒசாகாவில் ஒரு வாடகை அறை, சிடுசிடுப்பான ஒரு மேலதிகாரி, குளிர்காலத்தில் வரும் ஒரு முதுகுவலி எல்லாமே அமைந்துவிட்டன.

பையன் ஒசாகாவில் இல்லை. அதே வீட்டின் மாடியில், தெற்குப் பார்த்த அறையில் இருந்தான். பெயர் நொரிஹிஸா, வயது முப்பத்தாறு. அந்த அறையின் கதவு அவன் வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் ஜனவரியில் சாத்தியது. கிமியே வேலைக்குப் போன பிறகு குளிக்கவும் மற்றதற்கும் கீழே வருவான் என்பது ஈரத் துண்டைப் பார்த்தால் தெரியும். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் காலியாகத் திரும்பி வரும். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு ஒரு தாய்க்குக் கிடைத்த அத்தாட்சி அவ்வளவுதான்.

பொய்யைத் தொடங்கியவள் அவள் அல்ல. அவள் புருஷன் யசுஜி தொடங்கினான். எங்கள் ஊர் தனுஷிமாருவில் பாதிப் பேர் மரக்கன்றை வைத்துப் பிழைப்பவர்கள். யசுஜியும் அப்படித்தான், ஆனால் சொந்த நாற்றங்கால் கிடையாது. அடுத்தவன் தோட்டத்தில் குனிந்தே முதுகு வளைந்தவன். ஒரு வசந்தத்தில் யமபோஷி என்ற மலைப் பூமரத்தின் பத்தாயிரம் கன்றுகளுக்கு நடுவே, ஒன்றின் ஒரு கொப்பில் மட்டும் இலையோரமெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெள்ளை ஓடியிருப்பதைப் பார்த்தான். முதலாளி அதை நோஞ்சான் என்று சொல்லித் தூக்கிப் போடச் சொன்னார். யசுஜி அந்தக் கொப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து ஒட்டுக் கட்டினான். இரண்டு முறை கருகி, மூன்றாவது பிடித்தது. மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அதை வீட்டுத் தோட்டத்தில் நட்டான்.

ஜூன் மாதத்தில் யமபோஷி பூப்பதை எங்கள் மலையில் எங்கேயும் பார்க்கலாம். நான்கு வெள்ளை இதழ் விரித்து, மேல்நோக்கிப் பூக்கும். ஆனால் வெள்ளையோர இலைமேல் வெள்ளைப் பூ என்பது யசுஜி வீட்டில் மட்டும்தான். மழைத் தூறலில் அந்த மரம் மட்டும் வெளிச்சமாக நிற்கும். சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்ப்பார்கள். அதற்கு அவன் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் யாராவது கேட்பார்கள், கேட்டால் கொப்பு கொடுக்கவேண்டி வரும் என்பான். அப்படி ஒரு கஞ்சத்தனம் அவனுக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

இந்த ஜாதி மரங்களில் ஒரு தொல்லை உண்டு. திடீரென்று எங்கேயாவது வெள்ளையே இல்லாத முழுப் பச்சைத் துளிர் ஒன்று கிளம்பும். மரம் பாட்டன் பக்கம் திரும்புகிறது என்போம். கண்டதும் வெட்டிவிட வேண்டும். விட்டால் பச்சைக்குத்தான் பலம் அதிகம், நாலைந்து வருஷத்தில் மரத்தையே விழுங்கிவிடும். எங்கள் ஊரில் ஒருவன் வீட்டு மரத்தில் பச்சை தெரிந்தால், சாப்பிட்டவன் கன்னத்தில் பருக்கை ஒட்டியிருப்பதுபோல, பார்த்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

யசுஜி மூன்றுகால் ஏணியில் ஏறி நிற்பான். சிறுவன் நொரி மாடி ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு பச்சை எங்கே என்று சொல்வான். வடக்கே, இரண்டாவது கிளை, உள்பக்கம் என்று துல்லியமாக வரும். மற்றபடி மந்தமான பிள்ளை என்று வாத்தியார்கள் சொன்ன அந்தப் பையனின் கண்ணுக்கு ஒரு துளிர் தப்பியதில்லை. மது விருந்துகளில் யசுஜி இதைச் சொல்லிப் பெருமைப்படுவான். மகனைப் பற்றி அவன் பெருமைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான் என்பது கிமியேவுக்குத் தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்கும்.

பெரியவனான பிறகு ஒசாகாவில் ஒரு கம்பெனியில் நொரிக்கு வேலை கிடைத்தது. பதினாலு மாசம் போனான். புத்தாண்டு விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் போகட்டும் என்றார்கள், ஒரு மாசம் போகட்டும் என்றார்கள். மார்ச்சில் ஒருநாள் யசுஜி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறி, கதவில் இரண்டு போடு போட்டான். தெருவில் தலைகாட்ட முடியாமல் பண்ணிவிட்டாயே என்று கத்தினான். கதவு பிளந்தது, ஆனால் திறக்கவில்லை. அதற்கப்புறம் யசுஜி அந்த மாடிப்படியில் கால் வைக்கவில்லை. பையன் எங்கே என்று கேட்டவர்களிடம் ஒசாகாவில் இருக்கிறான் என்றான்.

நாலாம் வருஷம் யசுஜி, தோட்டத்து வேலையில் இருக்கும்போதே மூளையில் இரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனான். கீழே கூடத்தில் பிக்கு மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார், மாடியில் மகன் இருந்தான். கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறது, விமானம் கிடைக்கவில்லை என்று கிமியே ஒவ்வொருவரிடமும் குனிந்து குனிந்து சொன்னாள். குனிந்த தலை நிமிரும்போது மேலே பலகை ஒன்று கிறீச்சிட்டது. யாரும் மேலே பார்க்கவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது, எல்லோரும் போன பிறகு இந்த வீட்டைக் கொளுத்திக்கொண்டு இரண்டு பேரும் போய்ச்சேர்ந்துவிடலாம் என்றுதான்.

அப்படியே இன்னொரு இரண்டு வருஷம் போயிற்று. வெட்டுவாரில்லாமல் மரத்தில் பச்சை கிளம்பியிருந்தது. கிமியே அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஜூன் மாதம் ஒரு காலை, காலித் தட்டின்மேல் கடை விளம்பரத் தாளைக் கிழித்து எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"வடக்கு. ரெண்டாவது கிளை. பச்சை."

ஆறு வருஷத்துக்குப் பிறகு மகன் சொன்ன முதல் வார்த்தை. அவள் படியிலேயே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை மாதிரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். இதுவரை ஒரு செடியைக்கூட வெட்டியறியாதவள். தப்பான கொப்பை வெட்டினாள். மறுநாள் சீட்டு வந்தது: "அது இல்லை. இன்னும் உள்ளே." அந்தச் சீட்டையும் தேயிலை டப்பாவில் பத்திரப்படுத்தினாள். வெட்டி முடித்து நிமிர்ந்தபோது மாடி ஜன்னல் திரை ஒரு கையகலம் விலகியிருந்தது. உள்ளே முகம் தெரியவில்லை, இருட்டுதான் தெரிந்தது. அந்த இருட்டைப் பார்த்து அவள் தலை குனிந்து வணங்கினாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து யார் அப்படி வணங்குவார்கள், சொல்லுங்கள்.

அன்றிலிருந்து கிமியேவின் வருஷம் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. துளிர்க்கும் காலத்தில்தான் சீட்டு வரும். ஒரே ஒரு தடவை ஆசை மீறிப்போய், இன்றைக்குக் கீழே வந்து சாப்பிடுகிறாயா என்று எழுதித் தட்டில் வைத்தாள். திரை மூடிக்கொண்டது. நாற்பது நாள் சீட்டு வரவில்லை. அதன் பிறகு அவள் பேனாவைத் தொடவில்லை. கிடைப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினாள்.

ஆனால் கையோடு கையாக வெட்டினால் பச்சை எப்படி வரும். மூன்றாம் வருஷம் இரண்டே இரண்டு துளிர், இரண்டே சீட்டு. நாலாம் வருஷம் ஒன்றே ஒன்று. அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு பதினோரு மாசம் காத்திருக்க வேண்டும். கண்ணில் பட்ட துளிரைப் படாததுபோல விட்டுப் பார்த்தாள், கிளைகளுக்குள் தலையை நுழைத்துத் தேடியும் பார்த்தாள். மரம் அழகாக, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அவளுக்கு அதன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் யசுஜி சொன்னது ஞாபகம் வந்தது. இந்த மரத்துக்கு உரத்தைக் கொட்டாதே, கொழுப்பேறினால் பச்சை திரும்பிவிடும் என்று வருபவர்களிடமெல்லாம் சொல்லுவான். கிமியே அந்த இலையுதிர்காலத்தில் கோழி எருவும் எண்ணெய்ப் பிண்ணாக்கும் மூட்டை மூட்டையாக வாங்கி, மரத்தடியில் வளையமாகத் தோண்டிப் புதைத்தாள். ஊரே பச்சை வரக்கூடாதென்று கத்தரியோடு அலைகிறது, இவள் பச்சை வரவேண்டும் என்று எரு வைத்தாள். எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இப்படி ஒரு கிறுக்கச்சி இருந்ததில்லை.

அடுத்த வசந்தத்தில் ஏழு இடத்தில் பச்சை வெடித்தது. பதினாலு சீட்டு வந்தது. ஒன்றில், "நேத்து வெட்டினது சரி" என்று இருந்தது. கிமியே அன்று சமையல்கட்டில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், கூட வேலை செய்தவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். அந்த இலையுதிர்காலத்தில் எருவை இரண்டு மடங்காக்கினாள்.

இந்த வருஷம் ஏப்ரலில் மரம் பாதிதான் துளிர்த்தது. வந்த இலையும் ஓரம் கருகிச் சுருண்டது. அடிமரத்தில் மரத்தூள் சிந்திக்கிடந்தது. மரவைத்தியம் படித்த மிசோபே என்ற பெண்ணை வரவழைத்தாள். முப்பது வயதிருக்கும், சளசளவென்று பேசாதவள். சின்ன மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். மண்ணைக் கிளறி ஒரு வேரை எடுத்துப் பார்த்தாள். வேர் கறுத்து வழவழத்தது.

உரம் ஏதாவது அதிகமாகப் போட்டீர்களா என்று மிசோபே கேட்டாள். கிமியே தான்தான் போட்டதாகச் சொன்னாள். பூ நிறைய வேண்டுமென்றா என்று கேட்டாள் மிசோபே.

"இல்ல. பச்சை வரணும்னு," என்றாள் கிமியே.

மிசோபே வேரை மண்ணுக்குள் திருப்பி வைத்து மூடினாள். அவள் சொன்னது இதுதான். வேர் வெந்துபோயிருக்கிறது. நோஞ்சான் மரத்தைத் தேடி வண்டு வந்து, அதன் புழு அடிமரத்தைப் பாதி தின்றுவிட்டது. வெள்ளை இலைக்கு உணவு சமைக்கும் சக்தி குறைவு, அதனால் மரம் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ள முடியவில்லை. வடக்குப் பக்கம் மூன்றாவது கிளையில் போன வருஷம் மற்ற இலைகளுக்குள் மறைந்து தப்பிப்போன ஒரு பச்சைக் கொப்பு கட்டைவிரல் பருமனுக்கு வந்திருக்கிறது. இப்போது மரம் முழுக்க அதன் கையால்தான் சாப்பிடுகிறது.

"அதை மட்டும் தொடாதீங்க ஹராகுச்சி-சான். ரெண்டு கோடை அப்படியே விட்டா வேர் தேறினாலும் தேறும். அதை வெட்டினா, ஆகஸ்ட் வெயிலைத் தாங்காது."

மாடியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கிமியே மாடியைப் பார்த்தாள். திரை கையகலம் விலகியிருந்தது. அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்டிருக்காது.

மே மாதம் சீட்டு வந்தது. "வடக்கு. மூணாவது. பச்சை."

அவள் வெட்டவில்லை. இரண்டு நாள் கழித்து: "வடக்கு மூணாவது. இன்னும் இருக்கு." பிறகு: "பெரிசாயிட்டுது." அந்த மூன்று சீட்டையும் வைத்துக்கொண்டு கிமியே அடுப்படியில் நின்றாள். சொல்லிவிடலாம். ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்துவிடலாம். ஆனால் என்னவென்று எழுதுவது. நீ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே பொருள் செத்துக்கொண்டிருக்கிறது என்றா. உன் கையெழுத்தைப் பார்க்கும் வெறியில் நான்தான் அதைக் கொன்றேன் என்றா. போனமுறை சோறு சாப்பிட வா என்று எழுதியதற்கே நாற்பது நாள். இதற்கு எத்தனை நாள் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் எழுதவில்லை.

ஜூன் முதல் வாரம் மரம் பூத்தது. செத்துப்போகிற மரம் பூத்துத் தள்ளும் என்பார்கள், அப்படித்தான் பூத்தது. அதே தெருவின் கீழ்க்கோடி வீட்டு நகாவோ அம்மாள் சுற்றறிக்கைப் பலகையைக் கொண்டுவந்தாள். தெருக்குழுவின் அறிவிப்பை வீடு வீடாகக் கைமாற்றும் பலகை அது. நகாவோவுக்கு அது அடுத்தவர் வாசலில் நின்று பேச ஒரு சாக்கு. நின்றவள் கண் நேரே வடக்குக் கிளைக்குப் போயிற்று.

"பச்சை வந்திருக்கே, பாக்கலையா நீங்க? உங்க வீட்டுக்காரர் இருந்தா இந்நேரம் ஏணி போட்டிருப்பாரு."

பார்த்தேன், நேரம் கிடைக்கவில்லை என்றாள் கிமியே.

"அந்த ஒசாகாப் பிள்ளையை ஒருநாள் வந்து வெட்டித் தரச் சொல்லுங்களேன். அப்பா சாவுக்குத்தான் ஏரோப்ளேன் கிடைக்கல, அம்மாவுக்கு ஒரு கிளை வெட்ட ரயிலுமா கிடைக்காது?"

கிமியே சிரித்தாள். அவனுக்கு முதுகுவலி என்றாள். படித்ததற்கு அடையாளமாகப் பலகையில் முத்திரை குத்தும்போது கை வழுக்கி, முத்திரை நகாவோவின் கட்டத்தில் விழுந்தது. நகாவோ அதற்கும் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். கிமியே உள்ளே வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

அடுத்த வாரம் ஒரு சீட்டு வந்தது. "அப்பா விட்டிருக்க மாட்டார்."

அதுதான் கடைசி. மறுநாள் திரை முழுக்க மூடியிருந்தது. அதற்கு மறுநாள் தட்டு வைத்தபடியே இருந்தது. மிசோ சூப் ஆறி, மேலே தோல் படிந்திருந்தது. அவனுக்குப் பிடித்த கானாங்கெளுத்தியைப் பொரித்து வைத்தாள், அதுவும் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று போன் பண்ணிவிட்டு, பிளந்துபோய் ஒட்டுப்போட்ட அந்தக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கதவோடு பேசிப் பல வருஷமாகியிருந்தது.

"நொரி, ஒரு வாய் சாப்பிடுடா. அம்மா வெட்டிடறேன். இன்னிக்கே வெட்டிடறேன்."

மூச்சாவது கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தாள். தன் காதில் தன் இரத்தம் ஓடுவதுதான் கேட்டது.

ஏணியை எடுத்துக்கொண்டு போய் வடக்குப் பக்கம் நிறுத்தினாள். கைரம்பத்தைப் பச்சைக் கொப்பின் அடியில் வைத்தாள். வெட்டினால் ஆகஸ்டில் மரம் போய்விடும். மரம் போனால் திரை விலக இந்த உலகத்தில் வேறு காரணம் இல்லை. வெட்டாவிட்டால் மாடியில் பிள்ளை பட்டினி கிடந்து சாவான். எந்தக் கையை வெட்டட்டும் என்று கேட்பதுபோல் இருந்தது. அவள் புருஷனைத் திட்டினாள். செத்தவன் என்றும் பார்க்காமல், உன் மரமும் ஆச்சு நீயும் ஆச்சு, பிள்ளையையும் மரத்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று வாய்விட்டுத் திட்டினாள். மழை பிடித்துக்கொண்டது. ரம்பத்தை ஏணியில் மாட்டிவிட்டு அப்படியே உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மழை விட்டிருந்தது. கிமியே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள், யாருக்கென்று அவளுக்கே தெரியவில்லை. மாடிப்படி கிறீச்சிட்டது. ஒரு படி, நீண்ட இடைவெளி, இன்னொரு படி. அவள் அடுப்பை அணைத்தாள். கஞ்சி கொதிக்கும் சத்தம்கூட அவனைத் திருப்பி அனுப்பிவிடுமோ என்ற பயம்.

அவன் சமையலறையைக் கடந்து போனான், அவள் பக்கம் திரும்பவில்லை. பின்கழுத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய முடி, அதில் நரை. முதுகு அப்படியே யசுஜியின் முதுகு. பிள்ளையாக உள்ளே போனவன் நடுவயசுக்காரனாக வெளியே வந்திருந்தான். தோட்டத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, வெறும் காலுறையோடு ஈர மண்ணில் இறங்கினான். வெளிச்சம் பட்டதும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றான். திரும்பிவிடுவான் என்று நினைத்தாள். அவன் ஏணிக்குப் போனான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று மட்டும் கிமியேவுக்குத் தெரிந்தது. அவளும் இறங்கினாள், அவளும் செருப்புப் போடவில்லை. நேற்றைய மழையில் ஏணியின் ஒரு கால் புதைந்து சாய்ந்திருந்தது. அவன் மூன்றாவது படியில் ஏறும்போது ஏணி ஆடியது. அவள் போய் அதைப் பிடித்துக்கொண்டாள். காலுறைக்கு மேலே தெரிந்த மெலிந்த கால் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அதில் சின்ன வயதில் நாய் கடித்த தழும்பு இருந்தது.

அவன் முதலில் சின்னப் பச்சைத் துளிர்களைக் கையால் கிள்ளினான். எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை, எல்லாம் மனப்பாடம். மூன்று நாள் சாப்பிடாதவனின் கை. ஆனாலும் வெள்ளை இலை ஒன்றுகூட உதிரவில்லை.

வாசலில் சைக்கிள் நின்றது. நகாவோ. கையில் பலகையோடு, கம்பிக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி நின்றாள். ஏணியில் இருந்தவனைப் பார்த்தாள், கிமியேவின் சேறான காலைப் பார்த்தாள். மேலே கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஏணியின் வழியாக அவன் உடம்பு உதறுவது கிமியேவின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் நகாவோவைப் பார்த்தாள். பதினோரு வருஷத்துப் பொய்யும் அந்தப் பார்வையில் அவிழ்ந்து கிடந்தது. உன் காலில் விழுகிறேன், போய்விடு என்று சொல்வதாக இருந்தது அந்தப் பார்வை.

"ஓ, தோட்ட ஆள் வந்திருக்காரா," என்றாள் நகாவோ, வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில். "நல்லா வெட்டறாரு. எங்க வீட்டுக்கும் ஒருநாள் வரச் சொல்லுங்க."

பலகையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே போனாள், ஏறி மிதிக்கவில்லை. அது இரக்கமா, நாளைக்குத் தெரு முழுக்கச் சொல்லப்போகிற நக்கலா என்று கிமியேவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அப்போது நேரமும் இல்லை.

அவன் வெகுநேரம் அசையவில்லை. இறங்கிவிடுவான், இறங்கினால் அவ்வளவுதான் என்று அவள் ஏணிக்காலை இறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு மேலிருந்து குரல் வந்தது. கரகரத்து, யாரோ ஒரு அந்நியனின் குரலாக வந்தது.

"அம்மா. அந்த ரம்பத்தைக் குடு."

கொடுத்தாள். அவன் ரம்பத்தை அந்தக் கட்டைவிரல் பருமன் கொப்பின் அடியில் வைத்தான். பச்சை இலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கொழுகொழுவென்று மழைத்தண்ணீர் சொட்ட நின்றன. மற்ற கிளைகளில் இலை கருகிக்கிடந்தது. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அவன் அதைப் பார்க்கவில்லை, அவன் கண் பச்சையை மட்டும்தான் பார்த்துப் பழகியது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டாம், அதுதான் மரத்தின் உயிர் என்று சொன்னால் அவன் நிறுத்திவிடுவான். நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்பான். அவள் எருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவேளை அவன் ஏணியிலேயே உட்கார்ந்து அழுவான், அவளும் அழுவாள், இரண்டு பேரும் சேர்ந்து மரத்தைக் காப்பாற்றுவார்கள். ஒருவேளை ஒன்றும் பேசாமல் இறங்கி, படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான், அதற்கப்புறம் இன்னொரு பதினோரு வருஷம். எது நடக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில் அவன் இருக்கிறான். இந்த நிமிஷத்தை எதற்காகவும், எவன் மரத்துக்காகவும் அவள் விடத் தயாராக இல்லை.

"அடியோட எடுத்துடவா?" என்று கேட்டான்.

"எடுத்துடு."

ரம்பம் அறுத்தது. ஒவ்வொரு இழுப்பும் ஏணி வழியாக அவள் கைக்கு வந்தது. கொப்பு வளைந்து, முறிந்து, அவள் காலடியில் விழுந்தது. அதிலிருந்த மழைத்தண்ணீர் அவள் முகமெல்லாம் தெறித்தது. துடைக்கவில்லை. இப்போது முகம் ஏன் நனைந்திருக்கிறது என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

நொரி வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு ஒரு படி இறங்கி, பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"இது திரும்பத் திரும்ப இதே இடத்துலதான் வரும். இனிமே நீ ஏற வேணாம். அடுத்த வருஷம் நானே பாத்துக்கறேன்."

"சரிப்பா," என்றாள் கிமியே. "அடுத்த வருஷம் நீயே பாத்துக்கோ."